யார் குளித்த தண்ணீர்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை வாசகர் கடிதம் பகுதியில் ஒருவர், குளித்த தண்ணீரையும் துணி அலசிய தண்ணீரையும் சாக்கடையில் விடுகிறவர்களுக்கு அபராதம் போட வேண்டும் என்று எழுதியிருந்தார். ஜனங்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்றும் வருத்தப்பட்டிருந்தார். நான் மன்னார்குடியில் 31 வருஷமாகப் பிளம்பர் வேலை பார்க்கிறேன். வீட்டுக்கு வருகிற விருந்தாளி கூடத்தோடு போய்விடுவார். கொல்லைக்குப் போய் சேம்பர் மூடியைத் திறந்து பார்க்கிற ஆள் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், விழிப்புணர்வுக்கு இங்கே பஞ்சமே இல்லை. 2024-ல் மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்காமல் ஜூலைக் கடைசி வரை தள்ளிப்போனதே, அப்போது டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் அணையில் இன்றைக்கு எத்தனை அடி, எத்தனை டி.எம்.சி. என்று விரல் நுனியில் வைத்திருந்தார்கள். நிரம்பினால் 93.47 டி.எம்.சி. என்பது எங்கள் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அதே ஆளிடம், "அண்ணே, பாத்ரூம் தண்ணியைத் தென்னைக்குத் திருப்பிவிடட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். முகம் ஒரு மாதிரி ஆகிவிடும்.

இத்தனை வருஷத்தில் நான் கண்டுகொண்ட ஒரு வரிசை இருக்கிறது. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரை இதுவரை யாரும் வேண்டாம் என்றதில்லை. பாட்டிலில் பிடித்து மணி பிளான்ட்டுக்கு ஊற்றுவார்கள். சிலர் இன்வெர்ட்டர் பேட்டரியிலேயே ஊற்றிவிட்டு அப்புறம் என்னைக் கேட்பார்கள். (ஊற்றாதீர்கள், அதற்கென்று கேன் விற்கிறது.) அடுத்தது ஆர்.ஓ. மெஷின் கழித்துத் தள்ளுகிற தண்ணீர். ஒரு லிட்டர் குடிக்கக் கொடுத்தால் மூன்று லிட்டர் போல வெளியே போகும். அதைக் குடத்தில் பிடித்து வீடு துடைப்பார்கள், பாத்திரம் கழுவுவார்கள். முத்துப்பேட்டைப் பக்கமெல்லாம் போரில் வருவதே உப்புத் தண்ணீர். மெஷின் கழித்ததில் அந்த உப்பு இன்னும் திரண்டு நிற்கும், செடிக்கு ஊற்றினால் இலை நுனி கருகும். ஆனாலும் அது வீட்டாருக்கு நல்ல தண்ணி. மூன்றாவது அரிசி களைந்த கழுநீர். அதற்கு மாடு இருந்த காலத்திலிருந்தே மரியாதை உண்டு. நாலாவது துணி அலசியது. பிறகு குழந்தையைக் குளிப்பாட்டிய தண்ணீர், அதற்குப் பிறகு நாம் குளித்தது. கடைசியில், மிகவும் கடைசியில், அடுத்தவர் குளித்தது.

அழுக்கை அளந்து யாரும் இந்த வரிசையைப் போடவில்லை. எந்த உடம்பில் பட்ட தண்ணீர் என்பதுதான் கணக்கு. துணி துவைத்த முதல் தண்ணீரில் இருக்கிற அழுக்கும் சோடாவும் குளித்த தண்ணீரில் இருக்காது. ஆனால் துணி வேறு, உடம்பு வேறு.

ஒரு வீட்டுக் கதையைச் சொல்கிறேன். எந்தத் தெரு என்று சொல்ல மாட்டேன். கீழே வீட்டுக்கார அம்மா, மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். செப்டிக் டேங்க் வருஷத்துக்கு இரண்டு தடவை நிரம்புகிறது என்று என்னைக் கூப்பிட்டார். திறந்து பார்த்தால், கீழேயும் மேலேயும் இருக்கிற பாத்ரூம், வாஷிங் மெஷின், அடுப்படி எல்லாத் தண்ணீரும் அதே தொட்டியில் வந்து விழுகிறது. கக்கூஸ் தண்ணீருக்குக் கட்டிய தொட்டியில் இவ்வளவு சோப்புத் தண்ணீரை விட்டால் கசடு அடியில் தங்க நேரம் இருக்காது, எல்லாம் கலங்கி வெளியே தள்ளிக்கொண்டு வரும். "குளிக்கிற தண்ணியைத் தனியாப் பிரிச்சுக் கொல்லை வாழைக்கு விட்டுடலாம்மா" என்றேன். உடனே சரி என்றார். ஒரு நிமிஷம் கழித்து, "ஏம்பா, மாடித் தண்ணியும் அதுல சேருமா?" என்றார்.

"சேரும்மா."

"அப்ப வேண்டாம். அந்த வாழையிலதான் இலை அறுத்துச் சாமிக்குப் படைக்கிறேன்."

அதற்கு மேல் இன்னொன்றும் கேட்டார், மாடியில் இருப்பவர்கள் இன்னார் என்று எனக்குத் தெரியுமா என்று. அதை இங்கே எழுத வேண்டாம். இந்த ஊர்க்காரர்களுக்குப் புரியும். வாடகை வாங்குகிற கைக்கு இல்லாத தயக்கம் வாழைக்கு வந்துவிட்டது. நான் வாதாடவில்லை, வேலைக்கு வந்தவன். இரண்டு பாத்தியாக வெட்டினேன். கீழ் வீட்டுத் தண்ணீர் வாழைக்கு, மாடித் தண்ணீர் மதில் ஓரத்துத் தென்னைக்கு. இரண்டு குழாய், இரண்டு வேலை. செலவும் இரண்டாகத்தான் ஆனது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறு வருஷம் சித்திரையில் போர் இறங்கிப்போய் வாழை துவண்டது. அம்மா போன் செய்தார். "அந்த மாடிக் குழாயையும் இதோட சேர்த்துடுப்பா. மேல தெரியாம மண்ணுக்குள்ள போட்டுடு." ஒரு டீ ஜாயின்ட், இரண்டு எல்போ, குழாய் ஒட்டக் கொஞ்சம் சொல்யூஷன், அரை மணி நேர வேலை. இப்போதும் அந்த இலையில்தான் படையல் நடக்கிறது.

அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மண்ணுக்கு மேலே தெரிந்தால் தீட்டு, உள்ளே போனால் இல்லை என்பது அவர் ஒருவரின் குணமா என்ன! 2016 மகாமகத்துக்குக் கும்பகோணம் போயிருந்தேன். லட்சக்கணக்கான பேர் இறங்கிய ஒரே குளம். நானும் முங்கினேன். பக்கத்தில் முங்கியவர் யார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து வீட்டில் எல்லோர் தலையிலும் தெளித்தோம். அதற்குப் பெயர் தீர்த்தம். பெயர் மாறினால் மனசும் மாறுகிறது.

பெயர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கத்துக் கிராமத்தில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம். உறிஞ்சு குழிக்குக் குழாய் வைக்க என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வந்த அதிகாரி நல்ல மனிதர், ஒரு மணி நேரம் "சாம்பல் நீர், சாம்பல் நீர்" என்று பேசினார். குளித்து, துவைத்து, கழுவி வெளியே போகிற தண்ணீருக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் அது. முன்வரிசையில் ஒரு பாட்டி எழுந்து, "இப்ப யாருங்க சாம்பல்ல பாத்திரம் தேய்க்கிறா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். ஆனால் பாட்டி கேட்டது சிரிப்பதற்கான கேள்வி இல்லை. அவர் காலத்தில் பத்துப் பாத்திரத்தைக் கொல்லையில் வாழையடியில் போட்டுச் சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்தார்கள். அந்தத் தண்ணீர் உண்மையிலேயே சாம்பல் நீர்தான், வாழைக்கு உரமும் ஆனது. இன்றைக்கு அதே இடத்தில் சோப்பும் பவுடரும் போகின்றன. மரம் தாங்குமா என்பதுதான் அவர் கேட்டது. அதற்கு அன்றைக்குப் பதில் கிடைக்கவில்லை.

எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன். குளித்த தண்ணீரை வாழை, தென்னை, கல்வாழை தாராளமாகத் தாங்கும். துணி துவைத்ததில் முதல் தண்ணீரைச் சாக்கடைக்கே விட்டுவிடுங்கள். பவுடரில் இருக்கிற சோடியம் நம் களிமண்ணைப் பாளம் பாளமாக இறுக்கிவிடும், அப்புறம் தண்ணீரே இறங்காது. அலசுகிற இரண்டாம், மூன்றாம் தண்ணீரைப் பிடித்தால் போதும். எங்கள் வீட்டு மெஷினில் வாளி வைத்து அளந்து பார்த்தேன். ஒரு தடவைக்கு 18 லிட்டர் வாளியில் ஏழு வாளி வெளியே வருகிறது, அதில் நாலு வாளி பார்க்க வெள்ளையாகவே இருக்கிறது. அடுப்படித் தண்ணீரில் எண்ணெய் இருக்கும், நடுவில் ஒரு சின்னத் தொட்டி கட்டி எண்ணெயை மேலே மிதக்கவிட்டு அள்ளி எறிய வேண்டும். அள்ள முடியாதவர்கள் அடுப்படிக் குழாயைத் தொடவே வேண்டாம். கீரை, கொத்தமல்லி மாதிரி பச்சையாகக் கையில் எடுக்கிற எதற்கும் இந்தத் தண்ணீர் ஆகாது. முக்கியமாக, தொட்டியில் சேர்த்து வைக்காதீர்கள். ஒரு நாள் தாண்டினால் நாறும், கொசு வரும். பிறகு தெருவே உங்கள் வீட்டைப் பற்றிப் பேசும். அன்றன்றைக்கு வருவது அன்றன்றைக்கு மண்ணில் இறங்கிவிட வேண்டும்.

அப்புறம் இந்த உறிஞ்சு குழி. ஒரத்தநாடு, வல்லம் பக்கம் செம்மண்ணில் அருமையாக வேலை செய்யும். இங்கே களிமண்ணில் தோண்டினால் அது உறிஞ்சுவதற்குள் அடுத்த நாள் தண்ணீர் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் சொல்லவே வேண்டாம், நிலத்தடித் தண்ணீர் மேலேறி வந்து குழிக்குள்ளேயே நிற்கும். ஒரே படத்தை வைத்துக்கொண்டு எல்லா ஊரிலும் குழி தோண்டச் சொல்வதால்தான், "நாங்களும் போட்டோம், பிரயோஜனமில்லை" என்று பாதிப் பேர் சொல்கிறார்கள். எங்கள் மண்ணுக்குக் குழியைவிட அகலப் பாத்தியும் அதில் நாலு வாழையும்தான் சரி. அடைமழையில் மட்டும் குழாயைச் சாக்கடைப் பக்கம் திருப்பிவிட ஒரு வால்வ் வைத்துவிட வேண்டும்.

அபராதம் போடச் சொன்ன வாசகர் 2003-ஐ நினைத்துப் பார்க்கட்டும். மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று அரசாங்கம் சொன்ன வருஷம். எனக்குச் சாப்பிட நேரமில்லாத அளவுக்கு வேலை. அதில் நல்லதும் நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் மாடியிலிருந்து அழகாக ஒரு குழாயை இறக்கி, தரைக்குள் ஒரு முழம் புதைத்து, அடியில் ஜல்லியும் இல்லாமல் மணலும் இல்லாமல் விட்டுவிட்டு, "யாராவது வந்து பார்த்தா குழாய் தெரியணும், அவ்வளவுதான்" என்று சொன்ன வீடுகள் எத்தனை! மழைத் தண்ணீரில் யாருக்கும் அருவருப்பு கிடையாது, அதற்கே அப்படி. மனசு ஒப்பாத ஒன்றுக்கு அபராதம் என்றால் எனக்குத்தான் வருமானம்.

வெளியூர்க் கதையும் ஒன்று உண்டு. கூத்தாநல்லூரில் ஒரு வீடு. மகன் 20 வருஷமாகச் சிங்கப்பூரில் இருக்கிறார், லீவில் வந்து பழைய வீட்டில் பாத்ரூம் எல்லாம் புதுசாகப் போட்டுக்கொண்டிருந்தார். குளிக்கிற தண்ணீரைப் பின்னால் இருக்கிற தென்னைக்கு விடலாமா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் வேணாம் அண்ணே, ஒரு மாதிரி இருக்கும்" என்றார். சாயங்காலம் டீ குடிக்கும்போது அவரே அந்த ஊர் நியூவாட்டரைப் பற்றிச் சொன்னார். ஊர் முழுக்கப் பயன்படுத்திவிட்டு வருகிற தண்ணீரை, கக்கூஸ் தண்ணீர் உள்பட, சவ்வில் வடிகட்டி, புற ஊதா ஒளியில் காட்டித் திரும்ப எடுக்கிறார்கள். 2002-ல் அவர்கள் தேசிய தின விழாவில் பிரதமர் கோ சோக் டோங் கூட்டத்தோடு சேர்ந்து பாட்டிலைத் திறந்து குடித்துக் காட்டினாராம். பெரும்பகுதி தொழிற்சாலைக்குப் போகிறது, கொஞ்சம் நீர்த்தேக்கத்தில் கலந்து மறுபடி சுத்தம் செய்து வீட்டுக் குழாய்க்கு வருகிறது. "அப்ப நீங்களும் குடிக்கிறீங்கதானே பாய்?" என்றேன். சிரித்தார். "அங்க கவர்மெண்ட் பாத்துக்குது அண்ணே." அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. வடிகட்டுகிறவன் மேல் நம்பிக்கை வேண்டும். இன்னொன்றும் கவனித்தேன். அங்கே அதைக் கழிவுநீர் என்று சொல்வதில்லையாம், பயன்படுத்திய நீர் என்பார்களாம். சுத்தம் செய்த பிறகு நியூவாட்டர். நம் ஊரில் ஆடியில் வாய்க்காலில் வருகிறதைப் புதுத்தண்ணி என்கிறோமே, கிட்டத்தட்ட அதே பெயர்.

அந்தப் புதுத்தண்ணியைத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பெங்களூருவின் சாக்கடையைச் சுமந்துகொண்டு விருஷபாவதி அர்க்காவதியில் சேருகிறது, அர்க்காவதி காவிரியில் சேருகிறது. 2018-ல் உச்ச நீதிமன்றம் நமக்கு 177.25 டி.எம்.சி. என்றதே, அந்தக் கணக்கில் எத்தனை பேர் குளித்தது என்று யாரும் கேட்கவில்லை. மேட்டூரைத் தாண்டி ஈரோடு, கரூர், திருச்சி என்று கரையெல்லாம் ஊர். கல்லணையில் பிரிந்து, நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பு என்கிற இடத்தில் மறுபடி பிரிந்து, பாமணி ஆற்றில் எங்கள் ஊருக்கு வருவதற்குள் அந்தத் தண்ணீர் எத்தனை வீட்டு முற்றத்தைப் பார்த்திருக்கும்! வயலிலும் அப்படித்தான். மேல்மடைக்காரர் வடித்துவிடுகிற தண்ணீர்தான் கீழே வாய்க்காலில் சேர்ந்து கடைமடைக்காரருக்குப் பாசனம். இவர் வயலில் உரம் போட்டுத் தெளித்த தண்ணீர் என்று எந்த விவசாயியும் மடையை அடைத்ததில்லை. இன்னும் கொஞ்சம் விடு என்றுதான் சண்டை.

என் அப்பா கூலி வேலை பார்த்தவர். எங்கள் ஊரில் ஆற்றில் நல்ல கருங்கல் படித்துறை ஒன்று இருக்கிறது. எங்கள் தெருவுக்கு அதில் இறங்க அனுமதி கிடையாது. அதைத் தாண்டி, ஆறு போகிற திசையில், மண் சரிவில்தான் நாங்கள் இறங்கினோம். காலையில் அங்கே நின்றால் மேலே படித்துறையில் தேய்த்த மஞ்சளும் சீயக்காயும் நுரையோடு எங்கள் முழங்காலைத் தொட்டுக்கொண்டு போகும். அதில்தான் குளித்தோம். அதில்தான் அம்மா குடத்தை முக்கி எடுத்தாள், கையால் நுரையை இரண்டு தடவை விலக்கிவிட்டு. மறுபயன்பாடு என்ற வார்த்தையை முதல்முதலில் ஒரு நோட்டீஸில் படித்தபோது எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வந்தது. அதனால் யாராவது, "அடுத்தவங்க குளிச்ச தண்ணியா?" என்று மூக்கைச் சுளித்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. சிரிப்புத்தான் வருகிறது. எப்போதாவது கோபமும் வரும்.

இவ்வளவு பேசுகிறேனே, என் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்பீர்கள். பாத்ரூம் தண்ணீர் இரண்டு வாழைக்கும் ஒரு தென்னைக்கும் போகிறது. கறிவேப்பிலைக்கு மட்டும் போகாது. "ஊருக்கெல்லாம் நீங்க போடுங்க, என் கறிவேப்பிலைப் பக்கம் குழாய் வரக்கூடாது" என்று என் வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டார். இலையைக் கிள்ளி அப்படியே தாளிப்பில் போடுகிறோம், அதனால் அவர் சொல்வதும் ஒரு வகையில் சரிதான். நான் மறுத்துப் பேசாததற்குக் காரணம் அது மட்டும் இல்லை.

கிராமத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று ஜல் ஜீவன் திட்டத்தில் கணக்கு. நகரத்துக்கு 135 என்கிறார்கள். குடிக்கவும் சமைக்கவும் போவது அதில் ஒரு சிறு பங்கு. மற்றதெல்லாம் குளித்து, துவைத்து, கழுவி வெளியே போவதுதான். கொள்ளிடத்து மணலில் இறைத்து வேதாரண்யம் வரைக்கும் குழாயில் கொண்டுபோகிற தண்ணீர், ஒரே ஒரு முறை உடம்பில் பட்டுவிட்டுச் சாக்கடைக்குப் போகிறது. அபராதம் கேட்ட வாசகரின் ஆதங்கம் எனக்கும் உண்டு. என் யோசனை வேறு, அவ்வளவுதான். வீடு கட்டும்போதே கக்கூஸுக்கு ஒரு குழாய், குளியலுக்கு ஒரு குழாய் என்று இரண்டாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். பிளான் பாஸ் பண்ணுகிற இடத்தில் அந்த ஒரு கோடு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கடைக்கால் போடும்போது செய்தால் சாமான், கூலி எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்குள் முடித்துக் கொடுத்திருக்கிறேன். டைல்ஸ் ஒட்டிய பிறகு கூப்பிட்டால் உடைக்கிற கூலியே அதற்கு மேல் ஆகிறது. குழாய் பிரிந்திருந்தால், தண்ணீர் இல்லாத சித்திரையில் மனசு தானாக வழிக்கு வரும். அந்த அம்மா கதையில் பார்த்தீர்களே. ஆனால் அன்றைக்குத் திருப்புவதற்குக் குழாய் இருக்க வேண்டும்.

நாளைக்கு வடுவூர் ரோட்டில் ஒரு புது வீட்டில் வேலை. தரைக்கு மண் நிரப்புவதற்கு முன்னால் குழாய் வைத்தாக வேண்டும். இரண்டாகப் போடலாமா என்று கேட்டேன், ஒன்று போதும் என்று சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். போன வேலையில் மிச்சமான மூன்று இன்ச் பைப் என்னிடம் பத்தடி கிடக்கிறது. பாத்ரூமுக்கு அடியிலிருந்து கொல்லைச் சுவர் வரைக்கும் அது போதும். என் செலவிலேயே போட்டுக்கொள்கிறேன் என்றதற்கு, "உன் இஷ்டம், வெளியில தெரியாம இருந்தா சரி" என்றார். இரண்டு பக்கமும் எண்ட் கேப் போட்டு மண்ணுக்குள் விட்டுவிட்டு, எந்த இடம் என்று சுவரில் ஆணியால் ஒரு கீறல் போட்டு வைக்கப் போகிறேன்.

பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஊர் சின்னது, எல்லோருமே என் வாடிக்கையாளர்கள்.

இப்படிக்கு,
ஒரு பிளம்பர்,
மன்னார்குடி.